கடலூரிலிருந்து கல்வராயன் மலைக்கு: கால் பழக்குவது முதல் ஊர்வழி நடப்பது வரை

கடலூரில் வளர்ந்தவர்களுக்கு மலை என்றால் கேப்பர் மலை. செம்மண்ணும் மணற்கல்லுமாக ஊருக்கு மேற்கே எழுந்து நிற்கும் மேடு அது. புதுச்சேரிக்காரர்களுக்குக் கோரிமேடு. இரண்டிலும் மூச்சு வாங்கத் தொடங்கும் முன்பே உச்சி வந்துவிடும். அதனால் மலையில் நடக்கும் ஆசை வந்ததும் நம் பக்கத்து ஆட்கள் ஊட்டி, கொடைக்கானல், ஏற்காடு என்று பேருந்து ஏறுகிறார்கள். போய், பேருந்திலேயே சுற்றிப் பார்த்துவிட்டுத் திரும்பி வருகிறார்கள். இவற்றையெல்லாம்விட நமக்கு உறவான மலை ஒன்று இருக்கிறது. அது கல்வராயன்.

உறவு என்று சும்மா சொல்லவில்லை. 1993-ல் பிரியும்வரை தென்னார்க்காடு மாவட்டத்துக்குக் கடலூர்தான் தலைநகர். கல்வராயன் மலையின் கிழக்குப் பாதி அந்த மாவட்டத்தில்தான் இருந்தது. மலைக்காரர் ஒருவர் கலெக்டரைப் பார்க்க வேண்டுமென்றால் கடலூர் மஞ்சக்குப்பத்துக்குத்தான் வர வேண்டும். பிறகு விழுப்புரம் பிரிந்தது, 2019-ல் கள்ளக்குறிச்சியும் தனி மாவட்டமானது. ஆனால் தண்ணீர் எந்த மாவட்டத்தையும் கேட்டு ஓடுவதில்லை. கல்வராயனிலிருந்து இறங்கும் கோமுகியும் மணிமுக்தாவும் ஒன்றுசேர்ந்து, விருத்தாசலம் வழியாக ஓடி, வெள்ளாற்றில் கலந்து, பரங்கிப்பேட்டையில் கடலைத் தொடுகின்றன. அந்த ஆறுகள் தொடங்கும் இடத்தில் ஒரு நாளாவது நடந்து பார்க்க வேண்டும் என்று ஒவ்வொரு கடலூர்க்காரரிடமும் சொல்லிக்கொண்டிருப்பவன் நான்.

இந்த வழிகாட்டி வெள்ளிமலை என்ற சிறிய மலையூரைச் சுற்றி நடக்க நினைப்பவர்களுக்காக எழுதியது. முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அங்கே நீங்கள் நடக்கப் போவது சுற்றுலாவுக்காகப் போட்ட பாதையில் இல்லை. கொல்லைக்கும் சந்தைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் மாமியார் வீட்டுக்கும் மக்கள் நடந்து நடந்து உண்டான வழியில். அதை மனதில் வைத்துக்கொண்டால், கீழே சொல்லும் எல்லா விதிகளும் தானாக விளங்கும்.

முதல் படி: மணலில் தொடங்குங்கள்

நாம் சமதரை ஆட்கள். ஒரு நாளில் பத்து கிலோமீட்டர் நடப்பவர்கூட மலையில் இரண்டு மணி நேரத்தில் சோர்ந்துபோவதைப் பார்த்திருக்கிறேன். நெஞ்சு தாங்கும், கால் தாங்காது. குறிப்பாகக் கணுக்கால். தார்ச்சாலையில் நடக்கும் காலுக்கு ஒவ்வொரு அடியும் ஒரே மாதிரி. மலையில் ஓர் அடி கல்லில், அடுத்த அடி வேரில், அதற்கடுத்தது உருளும் சரளையில்.

இதற்கு நம்மிடம் மலையைவிட நல்ல பயிற்சிக்கூடம் இருக்கிறது. தேவனாம்பட்டினம் வெள்ளிக் கடற்கரையின் உலர்ந்த மணல். அலை நனைத்த இறுகிய மணலில் நடக்க வேண்டாம், அது சாலை மாதிரி. கால் புதையும் மேல்மணலில் நடங்கள். முதல் வாரம் இருபது நிமிடம், வாரத்தில் நான்கு நாள். இரண்டாம் வாரம் நாற்பது நிமிடம். புதுச்சேரிக்காரர்கள் கடற்கரைச் சாலையில் நடப்பதை இந்தக் கணக்கில் சேர்க்காமல், வீராம்பட்டினம் பக்கம் போய் மணலில் நடக்கலாம். விடியற்காலை வேண்டும். எட்டு மணிக்கு மேல் நம் கடற்கரையின் புழுக்கம் பயிற்சியைத் தண்டனையாக்கிவிடும்.

இரண்டாம் படி: இறங்கக் கற்றுக்கொள்ளுங்கள்

ஏறுவதைப் பற்றித்தான் எல்லோரும் பயப்படுகிறார்கள். நான் பார்த்தவரை ஆட்களை வீழ்த்துவது இறக்கம்தான். ஏறும்போது தொடைத் தசை சுருங்கி உடலைத் தூக்குகிறது. இறங்கும்போது அதே தசை நீண்டுகொண்டே உடலின் பாரத்தைப் பிடித்து நிறுத்த வேண்டியிருக்கிறது. பழகாத தசையில் இது நுண்ணிய கிழிசல்களை உண்டாக்கும். அன்றைக்கு ஒன்றும் தெரியாது. மறுநாளும் அதற்கடுத்த நாளும்தான் வலி உச்சத்துக்கு வரும், மாடிப்படி இறங்கக் கைப்பிடி தேட வேண்டியிருக்கும். ஆறுதலான செய்தி, தசைக்கு ஞாபகம் உண்டு. ஒருமுறை நன்றாக இறங்கிப் பழக்கினால் அடுத்த சில வாரங்களுக்கு அதே இறக்கம் அத்தனை வலியைத் தராது. ஆகவே மலைக்குப் போவதற்கு முந்தைய மூன்று வாரங்களில் இறங்கும் பயிற்சி கட்டாயம்.

எங்கே செய்வது? திருவந்திபுரத்தில் தேவநாத சுவாமி கோயிலுக்கு எதிரே ஔஷதகிரிக் குன்றில் ஹயக்ரீவர் சன்னதிக்கு ஏறும் படிகள் 74. காலையில் போய் ஒருமுறை ஏறிக் கும்பிட்டு, ஒவ்வொரு படியையும் உணர்ந்து மெதுவாக இறங்குங்கள். குதிகால் முதலில் படாமல், முட்டியைச் சற்று மடக்கி, முழுப் பாதமும் பதிய வேண்டும். ஆனால் அந்தப் படியிலேயே இருபது தடவை ஏறி இறங்க வேண்டாம். அது சன்னதி. முகூர்த்த நாளில் திருவந்திபுரத்தில் எத்தனை கல்யாணம் நடக்கும் என்று நம் எல்லோருக்கும் தெரியும், கூட்டத்தின் நடுவே உடற்பயிற்சி செய்வது யாருக்கும் நல்லதல்ல.

மீதிப் பயிற்சிக்கு நான்கு மாடிக் கட்டடத்தின் படிக்கட்டு போதும். ஒரு தளத்துக்கு மூன்று மீட்டர் என்று வைத்தால் நான்கு தளம் 12 மீட்டர். பத்து முறை ஏறி இறங்கினால் 120 மீட்டர். இருபது முறை என்றால் 240. இந்த 240 என்ற எண்ணை நினைவில் வையுங்கள், அடுத்த படியில் வரும். இருபது முறை ஒரே மூச்சில் வேண்டாம். முதல் வாரம் ஐந்து, அடுத்த வாரம் பத்து, பிறகு பதினைந்து என்று போகட்டும். கடைசி வாரம் முதுகுப்பையில் நான்கு லிட்டர் தண்ணீரைப் போட்டுக்கொண்டு செய்யுங்கள்.

முட்டிவலி ஏற்கெனவே உள்ளவர்கள், இதய நோய்க்கோ சர்க்கரைக்கோ மருந்து எடுப்பவர்கள், இந்தப் பயிற்சியைத் தொடங்கும் முன்பே மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள்.

மூன்றாம் படி: செஞ்சியில் ஒரு தேர்வு

செஞ்சிக் கோட்டையின் ராஜகிரிக் குன்று சுமார் 800 அடி, அதாவது 240 மீட்டர். புதுச்சேரியிலிருந்து திண்டிவனம் வழியாகச் சுமார் 70 கிலோமீட்டர். விடியற்காலை கிளம்பினால் கோட்டை திறக்கும் நேரத்துக்குப் போய்விடலாம். 1677-ல் சிவாஜி பிடித்த கோட்டை, பிறகு அவர் மகன் ராஜாராம் உள்ளே இருக்க முகலாயர்கள் ஆண்டுக்கணக்கில் முற்றுகையிட்ட கோட்டை. 2025 ஜூலையில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்த மராட்டியர் கோட்டைகள் பன்னிரண்டில் தமிழ்நாட்டில் இருப்பது இது ஒன்றுதான். முற்றுகை ஏன் அத்தனை நீண்டது என்று வரலாற்று நூலில் படிப்பதைவிட, படியேறி, உச்சிக்குச் சற்று முன் ஆழமான பிளவின் மேல் போட்ட பாலத்தைக் கடக்கும்போது நன்றாகப் புரியும்.

நான் முதன்முறை போனபோது ஏப்ரல் மாதம். பதினொரு மணிக்கு ஒரே ஒரு பாட்டிலோடு ஏறத் தொடங்கினேன். பாதி வழியில் பாறையிலிருந்து எழுந்த வெக்கையில் தலை சுற்றி, அந்த வெயிலிலும் உடம்பு சில்லிட்டது. மேலிருந்து இறங்கி வந்த குடும்பம் ஒன்று என்னை நிழலில் உட்காரவைத்து, தூக்கில் கொண்டுவந்த உப்பு மோரைக் கொடுத்தது. அந்த மோர் மட்டும் இல்லாவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றைக்கும் நினைப்பதுண்டு. வெயிலில் உடம்பு சில்லிட்டாலோ, வியர்வை நின்று உடம்பு கொதித்தாலோ, பேச்சு குழறினாலோ அது களைப்பு அல்ல, ஆபத்து. உடனே நிழல், தண்ணீர், ஈரத்துணி, உதவி.

தேர்வு இதுதான். டிசம்பர், ஜனவரி போன்ற மாதத்தில் ராஜகிரியில் ஏறி இறங்கி, மறுநாள் உங்களால் சாதாரணமாக வேலைக்குப் போக முடிகிறதா? முடிந்தால் கல்வராயனுக்குத் தயார். முடியாவிட்டால் இன்னும் இரண்டு வாரம் படிக்கட்டு.

நான்காம் படி: மாதத்தைத் தேர்ந்தெடுங்கள்

என் கணக்கில் டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி முதல் வாரம்வரை மிக நல்ல காலம். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்திருக்கும், ஓடைகளில் தண்ணீர் இருக்கும், புல் இன்னும் காய்ந்திருக்காது. மலை உயர உயர, ஆயிரம் மீட்டருக்குச் சுமார் ஆறு டிகிரி குளிர்ச்சி கூடும். கல்வராயன் இரண்டாயிரம் முதல் நான்காயிரம் அடி உயரமுள்ள மலைத்தொடர். ஜனவரி இரவில் கடலூர்ப் போர்வை போதாது.

பிப்ரவரி நடுவிலிருந்து காட்டுத்தீக் காலம். அப்போது போகவே வேண்டாம். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கி 23 பேர் இறந்தார்கள். காய்ந்த புல்வெளியில் தீ காற்றோடு மேல்நோக்கி ஓடும் வேகத்துக்கு மனிதனால் ஓட முடியாது. சரிவில் மேலே ஏறித் தப்பிக்க நினைப்பதுதான் மனித இயல்பு, தீயும் அதே திசையில்தான் வரும்.

ஏப்ரல், மே மாலைகளில் இடி மின்னல். ஜூன் முதல் தென்மேற்குப் பருவமழை இங்கேயும் ஓரளவு பெய்யும், காலை நடைக்கு இடைஞ்சல் குறைவு. அக்டோபர், நவம்பரில் புயல் செய்தி இருந்தால் மலையை மறந்துவிடுங்கள். மலையில் பெய்யும் மழை என்ன செய்யும் என்பதை 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயலின்போது நாம் கண்ணால் பார்த்தோம். மேலே கொட்டிய மழையும் சாத்தனூர் அணையிலிருந்து திறந்த தண்ணீருமாகத் தென்பெண்ணை கடலூரின் கரையோரத் தெருக்களில் புகுந்தது. கீழே வர ஒரு நாள் எடுத்துக்கொள்ளும் அந்தத் தண்ணீர், மேலே ஓடையில் நிமிடக் கணக்கில் ஏறிவிடும்.

ஐந்தாம் படி: அனுமதியும், கூட ஒரு ஆளும்

கல்வராயனில் ஊர்நிலம், பட்டா நிலம், வனத்துறை பாதுகாக்கும் காப்புக்காடு எல்லாம் பின்னிக்கிடக்கின்றன. ஊர்களுக்கு இடையே மக்கள் புழங்கும் வழியில் நடப்பது வேறு, காப்புக்காட்டுக்குள் நுழைவது வேறு. இரண்டாவதற்கு வனத்துறை அனுமதி வேண்டும். குரங்கணிக்குப் பிறகு இந்த விதிகள் இறுகின, இறுகியதும் நியாயம்தான். கள்ளக்குறிச்சியிலோ மலைமேல் இருக்கும் வன அலுவலகத்திலோ முன்கூட்டியே கேட்டு, எந்தப் பக்கம் போகலாம், எந்தப் பக்கம் கூடாது என்று தெளிவாகத் தெரிந்துகொள்ளுங்கள். தனியாக ஏற்பாடு செய்யத் தயங்குபவர்கள், தமிழக அரசு 2024 அக்டோபரில் தொடங்கிய ட்ரெக் தமிழ்நாடு திட்டத்தில் வேறொரு மலைப்பாதையில் பழகிவிட்டு வரலாம். 14 மாவட்டங்களில் 40 பாதைகளோடு தொடங்கிய திட்டம் அது. இணையத்தில் பதிவு, கூடவே பயிற்சி பெற்ற வழிகாட்டி. அவர்களும் 2025-ல் பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் நடுவரை தீக்காலத்துக்காக நிறுத்தித்தான் வைத்திருந்தார்கள்.

அனுமதியைவிட முக்கியம், கூட ஒரு ஊர்க்காரர். கல்வராயனில் வாழ்பவர்களில் பெரும்பாலோர் மலையாளிப் பழங்குடி மக்கள். பெயரைப் பார்த்துக் கேரளம் என்று நினைக்க வேண்டாம், மலையை ஆளும் மக்கள் என்ற பொருளில் வந்த பெயர் என்பார்கள். பேசுவது தமிழ். தங்கள் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் என்று கதை சொல்வார்கள். 1976 வரை இந்த மலை ஜாகிர்தார்கள், அதாவது நிலமானியம் பெற்ற தலைவர்கள், கையில் இருந்தது. சாலை தாமதமாக வந்த மலை இது. அதனால்தான் நடைவழிகள் இத்தனை அடர்த்தியாக இன்னும் உயிரோடு இருக்கின்றன.

டீக்கடையில் உட்கார்ந்து, "அண்ணே, ஒரு நாள் எங்ககூட நடக்க முடியுங்களா?" என்று நேராகக் கேளுங்கள். கூலியை அப்போதே பேசிவிடுங்கள். அவர் அன்றைக்குக் கொல்லை வேலைக்கோ வெளியூர் வேலைக்கோ போயிருந்தால் என்ன கிடைத்திருக்குமோ அதைவிடக் குறையக் கூடாது, சாப்பாடு தனி. பேரம் பேசாதீர்கள். அவர் "அந்தப் பக்கம் வேணாம் சார்" என்று சொன்னால் காரணம் கேட்டுத் துளைக்காமல் திரும்பிவிடுங்கள். கரடி நடமாட்டம், பங்காளிச் சண்டை, சாமி இடம், வேறெதுவும் இருக்கலாம். அவர் அங்கே நாளைக்கும் வாழ வேண்டியவர்.

ஆறாம் படி: போகும் வழியும் பையும்

கடலூரிலிருந்து பண்ருட்டி, உளுந்தூர்பேட்டை வழியாகக் கள்ளக்குறிச்சி சுமார் 100 கிலோமீட்டர். அங்கிருந்து கச்சிராயபாளையம், பிறகு மலைச்சாலை. கோமுகி அணை அடிவாரத்தில் இருக்கிறது. கரியாலூரும் பெரியார் அருவியும் வெள்ளிமலைக்குப் போகும் சாலையில்தான். ஒரே நாளில் போய், நடந்து, திரும்பும் திட்டம் மட்டும் போடாதீர்கள். கொண்டை ஊசி வளைவுகளில் தூக்கக் கலக்கத்தோடு வண்டி ஓட்டுவது நடையைவிட ஆபத்து. முந்தைய நாள் மாலைக்குள் மேலே போய்ச் சேர்ந்துவிடுங்கள், தங்குமிடத்தை முன்பே பேசிவையுங்கள். மலையில் பேருந்துகள் குறைவு, கடைசிப் பேருந்து எத்தனை மணிக்கு என்று ஏறும்போதே நடத்துநரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

பையில் தண்ணீர் ஆளுக்கு மூன்று லிட்டர். மணிக்கு அரை லிட்டர் என்று ஐந்து மணி நேரத்துக்குக் கணக்கிட்டு, மீதி அவசரத்துக்கு. ஓ.ஆர்.எஸ். பொட்டலம் நான்கு. பொட்டலம் இல்லாவிட்டால் ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. புளிச்சோறு கெடாது, கடலை உருண்டை எடை குறைவு. டார்ச், விசில், சுளுக்குக்குக் கட்டும் சுருட்டுத்துணி, கிருமிநாசினி, தீப்பெட்டி அளவு பொட்டலத்தில் உங்கள் மாத்திரைகள். முழுக்கைச் சட்டை, முழுக்கால் சட்டை இரண்டும் கட்டாயம், உண்ணிக்கும் முள்ளுக்கும் அதுதான் காவல். கையில் ஒரு கழி. இறக்கத்தில் அது மூன்றாவது கால்.

ஷூ விலையுயர்ந்ததாக இருக்க வேண்டியதில்லை, பழகியதாக இருக்க வேண்டும். குறைந்தது ஒரு மாதம் மணலிலும் படிக்கட்டிலும் அதையே போட்டு நடந்திருக்க வேண்டும். கட்டைவிரலுக்கு முன்னால் ஒரு விரல் அகலம் இடம் இருக்கட்டும். இறங்கும் முன் நின்று கணுக்கால் பக்கத்துக் கயிற்றை இறுக்கிக் கட்டினால் பாதம் முன்னே சறுக்கி நகம் அடிபடாது. மலைக்காரர்கள் ரப்பர் செருப்பில் ஓடுவதைப் பார்த்து நாமும் முயலக் கூடாது, அவர்கள் கால் பிறந்ததிலிருந்து அந்த வழியில் பழகியது.

ஏழாம் படி: நாளைக் கணக்கிடுங்கள்

மலை நடைக்கு ஒரு பழைய கணக்கு உண்டு. சமதரையில் மணிக்கு ஐந்து கிலோமீட்டர், அதோடு ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் ஒரு மணி நேரம் கூடுதல். அது குளிர்நாட்டில், பழகிய கால்களுக்கு. நமக்கு நான் வைத்திருப்பது மணிக்கு மூன்று கிலோமீட்டர், ஒவ்வொரு 300 மீட்டர் ஏற்றத்துக்கும் ஒரு மணி நேரம். ஒன்பது கிலோமீட்டர் வழி, 300 மீட்டர் ஏற்றம் என்றால் மூன்றும் ஒன்றும் நான்கு மணி. சாப்பாட்டுக்கும் ஓய்வுக்கும் ஒரு மணி சேர்த்தால் ஐந்து. காலை ஆறரைக்குக் கிளம்பினால் பதினொன்றரைக்கு முடியும். எவ்வளவு ஆசையாக இருந்தாலும் பன்னிரண்டு மணிக்குத் திரும்பிவிடுவது என்று முதல்நாளே எல்லோரும் பேசி முடிவெடுத்துக்கொள்ளுங்கள். ஜனவரியில் ஆறு மணிக்கெல்லாம் சூரியன் போய்விடும், பள்ளத்துக்குள் அதற்கும் முன்பே இருட்டிவிடும்.

குழுவில் மெதுவாக நடப்பவர் முன்னால் போக வேண்டும். பின்னால் விட்டால் அவருக்கு ஓய்வே கிடைக்காது. முன்னால் போனவர்கள் நின்று இளைப்பாறியிருப்பார்கள், இவர் வந்து சேர்ந்ததும் கிளம்பிவிடுவார்கள்.

எட்டாம் படி: வழியைப் படியுங்கள்

இங்கேதான் நான் கற்ற பெரிய பாடம் இருக்கிறது. இரண்டாவது முறை கல்வராயன் போனபோது, வழி தெரியும் என்ற நம்பிக்கையில் நண்பர்கள் இருவரோடு ஊர்க்காரர் யாருமில்லாமல் கிளம்பிவிட்டேன். கிளை பிரிந்த இடத்தில் நன்றாகத் தேய்ந்திருந்த தடத்தைப் பிடித்தோம். அரை மணியில் தடம் நான்காகப் பிரிந்தது, பிறகு எட்டாக. அப்புறம் புதருக்குள் கரைந்துபோனது. கீழே ஓடைப் பள்ளம், மேலே போனால் முள். ஒன்றரை மணி நேரம் அல்லாடிய பிறகு, மேல்சரிவில் விறகு ஒடித்துக்கொண்டிருந்த ஆயா ஒருவர் குரல் கொடுத்தார். "எங்க தம்பி போறீங்க? அது ஆட்டுத் தடம்." விறகுக்கட்டைத் தலையில் வைத்தபடியே எங்களை மேலே கூட்டிப்போனார். நடந்துகொண்டே சொன்னார். "மாட்டுத் தடம் தண்ணியில முடியும். வெறகுத் தடம் காட்டுல முடியும். ஆள் தடம் ஊட்டுலதான் முடியும்."

அதற்குப் பிறகு ஒவ்வொரு கிளையிலும் அந்த மூன்று வரிகளைத்தான் சொல்லிப் பார்க்கிறேன். ஆட்டுத் தடம் குறுகல், சரிவில் இணைகோடுகளாகப் பல தடங்கள் ஓடும், புழுக்கை சிதறியிருக்கும், தழை உள்ள பக்கமெல்லாம் பிரியும். மாட்டுத் தடம் அகலம், குளம்பு பதிந்து குழிகுழியாக இருக்கும், இறங்கி ஓடைக்குப் போகும். விறகுத் தடத்தில் வெட்டிய கிளைகள், இழுத்த கீறல்கள், உள்ளே போகப் போக மங்கும். ஆள் வழி உயரத்தை வீணாக்காது. சரிவைச் சுற்றிக்கொண்டு கிட்டத்தட்ட ஒரே மட்டத்தில் போகும், வழுக்கும் இடத்தில் கல் பதித்திருக்கும், ஓடையைக் கடக்கும் இடத்தில் கால் வைக்கக் கற்கள் வரிசையாக இருக்கும். சுமை இறக்கி வைக்க ஏதுவான பாறையும் பக்கத்தில் மரநிழலும் அடிக்கடி வரும். அப்படியொரு பாறையைக் கண்டால் நீங்கள் சரியான வழியில் இருக்கிறீர்கள்.

வெள்ளிமலையைச் சுற்றி நடக்கும் வழிகளை நான் மூன்றாகப் பிரிப்பேன். முதல்முறை போகிறவர்களுக்கு ஊர்விட்டு ஊர் போகும் வழி. மரவள்ளிக் கொல்லைகள், சாமை அறுத்த தாள்கள், பலா மரங்கள், இடையிடையே ஏழெட்டு வீடுகள் கொண்ட குடியிருப்புகள். ஏற்ற இறக்கம் அளவானது, எப்போதும் யாராவது எதிரே வருவார்கள். சாலையோரக் குடியிருப்பு ஒன்றில் தொடங்கி, உள்ளே இருக்கும் இரண்டு ஊர்களைத் தொட்டு, வேறொரு இடத்தில் சாலைக்கு வந்து சேரும்படி உங்கள் கூட வரும் அண்ணனிடம் கேளுங்கள். வந்த வழியே திரும்பாமல், பேருந்து பிடித்தும் திரும்பிவிடலாம். அழகு என்று கேட்டால் அருவிகளைவிட எனக்கு இதுதான். காலை எட்டு மணிக்குக் கொல்லையில் பனி விலகி, தூரத்துக் குடிசை ஒன்றிலிருந்து அடுப்புப் புகை படுத்துக்கொண்டே நகர்வதைப் பார்க்க இரவு முழுக்கப் பயணம் செய்யலாம்.

இரண்டாவது ஓடை வழி. அருவிகளுக்குப் போகும் வழிகள் எல்லாம் இதில் சேரும். பெரியார் அருவி சாலைக்குப் பக்கத்திலேயே இருப்பதால் அங்கே நடை அதிகமில்லை. மேகம் அருவிக்கு நடந்துதான் போக வேண்டும், பாறையும் இறக்கமும் உண்டு. ஆள் இல்லாமல் போகக் கூடாது. பாசி படிந்த பாறையில் ஷூ எவ்வளவு நல்லதாக இருந்தாலும் வழுக்கும். அருவிக் குளத்தில் குதிக்கவே வேண்டாம். கடலில் நீந்தத் தெரிந்தவர்கள் இதில்தான் ஏமாறுகிறார்கள். உப்புத்தண்ணீர் தூக்கிவிடும் அளவுக்கு நன்னீர் தூக்காது, நுரை கலந்த அருவித் தண்ணீர் இன்னும் குறைவாகத்தான் தூக்கும். அடியில் பாறையிடுக்குகள் இருக்கும். வானம் மேற்கே கறுத்தாலோ, தெளிந்த ஓடை திடீரென்று கலங்கிச் சருகோடு வந்தாலோ, யோசிக்காமல் கரையேறி உயரமான இடத்துக்குப் போங்கள்.

மூன்றாவது முகட்டு வழி. இது காப்புக்காட்டை ஒட்டியோ உள்ளேயோ போகும். ஆகவே அனுமதி, ஊர்க்காரர் இரண்டும் இல்லாமல் கிடையாது. முதல் பயணத்தில் இதை விட்டுவிடுங்கள்.

அடிபட்டால்

கணுக்கால் சுளுக்கினால் ஷூவைக் கழற்றாதீர்கள், வீங்கிவிட்டால் மறுபடி போட முடியாது. ஷூவோடு சேர்த்துச் சுருட்டுத்துணியால் கட்டி, இரண்டு பேர் தாங்கி, அருகிலுள்ள ஊருக்கு.

பாம்பு கடித்தால் கீறுவது, உறிஞ்சுவது, கயிறு இறுக்கிக் கட்டுவது எதுவும் வேண்டாம். கடிபட்ட கை அல்லது காலை அசையாமல் கழியோடு சேர்த்துத் தளர்வாகக் கட்டி, ஆளை நடக்கவிடாமல் தூக்கிக்கொண்டு சாலைக்கு வாருங்கள். 108-ஐ அழையுங்கள். மலையில் எல்லா இடத்திலும் செல்பேசி எடுக்காது, எந்த மேட்டில் எடுக்கும் என்பதைக் கூட வரும் அண்ணனிடம் நடக்கத் தொடங்கும்போதே கேட்டுவையுங்கள். கீழே கள்ளக்குறிச்சியில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. பாம்பை அடிப்பதிலோ பிடித்துக்கொண்டு வருவதிலோ நேரத்தை வீணாக்க வேண்டாம்.

ஊருக்குள் நடக்கும்போது

வழி பல இடங்களில் வீட்டு வாசலை ஒட்டியே போகும். வாசலில் இருப்பவர்களைப் பார்த்து ஒரு வார்த்தை பேசிவிட்டுக் கடந்து போங்கள். "எந்த ஊருங்க?" என்று கேட்பார்கள். கடலூர் என்றால், வயதானவர்கள் சிலர் அந்தக் காலத்தில் கோர்ட்டுக்கும் கலெக்டர் ஆபீசுக்கும் வந்து போன கதையை எடுப்பார்கள், உட்கார்ந்து கேளுங்கள். பாறையிலும் களத்திலும் கடுக்காயோ தானியமோ காயவைத்திருந்தால் சுற்றிப் போங்கள், மிதிக்காதீர்கள். பலாவும் நெல்லியும் காட்டில் தானாக நிற்பதுபோல் தெரிந்தாலும் அதற்கு உரிமையாளர் உண்டு. பெண்களையும் குழந்தைகளையும் கேட்காமல் படம் எடுக்கக் கூடாது. கோயில் மரத்தடியில் செருப்பைக் கழற்ற வேண்டுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். கொண்டுபோன காகிதமும் பாட்டிலும் திரும்ப உங்கள் பையிலேயே வரட்டும். அங்கே விட்டால், அது மழையில் அடித்துக்கொண்டு வரும் ஓடை கடைசியில் நம் பக்கத்துக்குத்தான் வந்து சேரும்.

திரும்பும்போது பணமாகக் கொஞ்சம் அங்கேயே செலவழியுங்கள். சாமை, தேன், புளி, பருவத்தில் பலா எல்லாம் மலைச் சந்தையில் கிடைக்கும்.

திரும்பிய பிறகு

ஊருக்கு வந்த மறுநாள் தொடை இறுகும். அதற்காகப் படுத்தே கிடக்காதீர்கள். மெதுவான நடைதான் மருந்து, ஆனால் ஏற்ற இறக்கம் கூடாது. நான் ஒவ்வொரு முறையும் செய்வதைச் சொல்கிறேன். இரண்டு நாள் கழித்துப் பரங்கிப்பேட்டைக்குப் பேருந்து ஏறி, வெள்ளாற்று முகத்துவாரத்துப் பக்கம் மணலில் அரை மணி நேரம் நடப்பேன். மலையில் கல்லுக்குக் கல் தாண்டிக் கடந்த தண்ணீர் அங்கே இவ்வளவு அகலமாக, இத்தனை மெதுவாக வந்து கொண்டிருக்கும். மீன்பிடிப் படகுகள் அதன்மேல் போகும். மாலை ஐந்து மணிவாக்கில் போனால் வெயிலும் தாழ்ந்திருக்கும்.